ஒரே ரூம்

காலை பத்து ஐம்பது. ஒன்றிய அலுவலக வாசலில் வந்து நின்ற வெள்ளை வேனிலிருந்து முதலில் இறங்கியவை இரண்டு பட்டுச்சேலைகள். ஒன்று அரக்கு, மற்றது பச்சை. அரக்குச் சேலையில் இருந்தவர் கட்சியின் ஒன்றியச் செயலாளருடைய மனைவி. ஊராட்சித் தலைவர் பதவிக்கு மனுத் தாக்கல் செய்ய வந்திருந்தார். பச்சைச் சேலையில் இருந்தவர் சாத்தூரிலிருந்து வந்திருந்தார். வாசலில் நின்ற தொண்டர்கள் இருவரையும் கும்பிட்டார்கள். முன்னவரை அண்ணி என்றார்கள். பின்னவரைச் சாத்தூர் அண்ணி என்றார்கள். ஊர்ப் பெயர் ஒன்றைத் தவிர மரியாதையில் வேறு வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, உள்ளாட்சித் தேர்தல். தாயில்பட்டியைத் தாண்டி இருக்கிற அந்த ஊருக்கு அதுவரை செயலாளரே தலைவர். இந்த முறை பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டதால் மனைவியை நிறுத்தினார். ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு, சாவி, ஏணி என்று ஏதாவது கொடுப்பார்கள். ஆனாலும் அது யாருடைய பூட்டு என்று எல்லோருக்கும் தெரியும். நான் அப்போது மதுரை நாளிதழ் ஒன்றுக்கு விருதுநகர் மாவட்டச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

சாத்தூர் அண்ணிக்குக் கணவர் இருந்தார். செயலாளரின் வெடி லோடு ஏற்றும் லாரியை அவர்தான் ஓட்டினார். சீசனில் வடக்கே போனால் திரும்பி வர வெகு நாளாகும். அந்த வீட்டு வாடகையை யார் கொடுக்கிறார், அந்த வாசலில் எந்த வண்டி எத்தனை இரவு நிற்கிறது என்பது சாத்தூரிலிருந்து சிவகாசி வரை தெரிந்த விஷயம். எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் அது செய்தி இல்லை என்பது எங்கள் தொழிலின் கணக்கு. அந்தக் கணக்கு யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதை அடுத்த இரண்டு வாரங்களில் பார்த்தேன்.

செயலாளர் என்னைப் பார்த்ததும் நேராக வந்தார்.

"என்ன பாய், சேலைக் கலரெல்லாம் குறிச்சுக்கிட்டீகளா?"

"வேட்பாளர் பேரு மட்டும்தான்ணே."

"உங்கள்ல நாலு கட்டிக்கிரலாம். நாங்க பாவம், ரெண்டோட நிக்கோம். அதுக்கும் பேனாவத் தூக்கிட்டு வந்துர்றீக."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் அத்தா விருதுநகர் பஜாரில் வத்தல் வியாபாரம் செய்தவர். அவருக்கு ஒரே மனைவி. அந்த ஒருவருக்கே அவர் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்ததில்லை என்று அம்மா குறைப்பட்டுக்கொள்வார். இந்த விவரத்தைச் செயலாளரிடம் சொல்லவில்லை. அவருடைய மனைவியிடம், தலைவரானால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அவுகளக் கேளுங்க" என்றார். சாத்தூர் அண்ணி அவருடைய முந்தானையைச் சரிசெய்துவிட்டார்.

பதினொன்றரை மணி டவுன் பஸ்ஸில் இன்னொரு வேட்பாளர் வந்து இறங்கினார். அவரை இந்தக் கட்டுரை முழுவதும் வேட்பாளர் என்றே குறிப்பிடப் போகிறேன். அந்த நாட்களில் அவருக்கு வேறு பல பெயர்கள் வைக்கப்பட்டன. முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் பட்டாசு மருந்தில் கலக்கும் அலுமினியப் பொடியின் வெள்ளி நிறம், எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் தங்கிவிடுகிற நிறம். கூட நாலைந்து பெண்களும் ஓர் ஆணும் வந்திருந்தார்கள். அந்த ஆண் வேட்பாளரின் தெருக்காரர், அவரோடு வேலை செய்பவர். மனுவில் முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

எதற்காக நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு வேட்பாளர் உடனே பதில் சொன்னார். "மேலத்தெருவுக்கு மட்டும் தண்ணி வருது. எங்க தெருவுல தொட்டி கட்டுனாக, பைப்பு போடல. வேலைக்குப் போயிட்டு வந்து குடத்தத் தூக்கிட்டு நடக்கோம். நான் வந்தா பைப்பு போடுவேன். வேற ஒண்ணும் தெரியாது எனக்கு."

இதை நான் செய்தியில் எழுதினேன், வந்தது. அதுவரை பிரச்சினை இல்லை. அதன் பிறகு கீழத்தெருவும் காலனியும் அவர் பக்கம் சாய்வதாகப் பேச்சு வந்தது. அவர் வேலை பார்த்த கம்பெனி செயலாளருடையது அல்ல, அதனால் வேலையைக் காட்டி மிரட்ட வழியில்லை. மனுப் பரிசீலனையிலும் தள்ளுபடி செய்ய ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அந்த இரண்டு மனுக்கள்தான் களத்தில் இருந்தன, திரும்பப் பெற இன்னும் சில நாள் இருந்தது.

அப்போதுதான் அவருடைய கணவரைத் திருப்பூரிலிருந்து அழைத்து வந்தார்கள். பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போன அவர் ஊருக்கு வந்து மூன்று தீபாவளி ஆகியிருந்தது. பணம் அனுப்புவதும் நின்றிருந்தது. செயலாளரின் வேனில் வந்து இறங்கி, காவல் நிலையத்தில் ஒரு மனுக் கொடுத்தார். தன் மனைவியோடு இன்னார் கள்ளத்தொடர்பு வைத்திருக்கிறார், அவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். இன்னார் என்றால் முன்மொழிந்தவர்.

சட்டம் அப்போது எப்படி இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். சாத்தூரில் எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் டீக்கடையில் வைத்து விளக்கினார். மனைவி இன்னொருவரோடு போனால் கணவன் புகார் கொடுக்கலாம். அந்த ஆணுக்கு ஐந்து வருடம் வரை தண்டனை. மனைவி மீது வழக்குக் கிடையாது, அவள் குற்றவாளியும் இல்லை, சாட்டப்பட்டவளும் இல்லை. கணவன் இன்னொருத்தியோடு போனால் மனைவி புகார் கொடுக்க முடியாது. கொடுக்கவேண்டும் என்றால் அந்த இன்னொருத்தியின் புருஷன்தான் கொடுக்கவேண்டும்.

"பொண்டாட்டியத் தொட்டா புருசனுக்குத்தான் நஷ்டம்னு வச்சிருக்கான் பாய். வெள்ளக்காரன் எழுதுனது. நம்ம ஆளுக அழிக்க மனசு வராம வச்சிருக்காக."

"அப்ப செயலாளர் விஷயம்?"

வக்கீல் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "புருசன் சம்மதிச்சா குத்தமே இல்ல. சம்மதத்த எழுதி வாங்கணும்னு அவசியமில்ல. அவன் யாரு லாரிய ஓட்டுறான்?"

"அவரு மனைவி?"

"அந்தம்மாவுக்கு இந்தச் சட்டத்துல நாற்காலியே போடல."

இன்னொன்றும் சொன்னார். இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் அல்ல. கணவன் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். காவல் நிலையத்தில் மனுவை வாங்கி, கோர்ட்டுக்குப் போங்கள் என்று அனுப்புவதுதான் முறை. ஆனால் மறுநாள் காலை வேட்பாளரையும் முன்மொழிந்தவரையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

அங்கே நடந்ததைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்துச் சொல் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டாசுத் தொழிற்சாலையை இங்கே யாரும் தொழிற்சாலை என்பதில்லை. வெடி ஆபீஸ். அந்த ஆபீசில் கரிசல் காட்டுக்குள் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கும் சின்னச் சின்னக் கட்டடம் ஒவ்வொன்றும் ஒரு ரூம். ஒன்று வெடித்தால் தீ அடுத்ததற்குத் தாவக்கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. நாலு பேருக்கு மேல் உள்ளே இருக்கக்கூடாது. எதிரும் புதிருமாகக் கதவுகள். வேலை நடக்கும்போது அவற்றைச் சாத்தக்கூடாது, எழுந்து ஓட வேண்டும் அல்லவா. பெண் கொடுக்க வந்தவர்கள்கூட மாப்பிள்ளை எந்த ரூம் என்று கேட்பார்கள். மருந்து ரூமா, திரி ரூமா என்பதில் ஆயுள் விஷயம் இருக்கிறது. விபத்து நடந்த இடங்களுக்கு நான் போயிருக்கிறேன். வேலிக்கு வெளியே ஓடி வருகிறவர்கள் ஆள் பெயரைச் சொல்லிக் கேட்பதற்கு முன்னால் எந்த ரூம் என்றுதான் கேட்பார்கள்.

காவல் நிலையத்தில் வாக்குமூலம் எழுதிய ஏட்டு வடமாவட்டத்துக்காரர், மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் உள்ளூர்ப் பக்கம்தான். தேர்தல் செய்தி என்பதால் நான் ஓரமாக நின்றேன், யாரும் போகச் சொல்லவில்லை. கணவர் பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்மொழிந்தவர் சுவரோரம் நின்றார். சட்டைப்பையில் இருந்த பீடிக்கட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இவருகூட எம்புட்டு நாளாப் பழக்கம்?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

வேட்பாளருக்குக் கேள்வியின் உள்ளே இருப்பது புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ள மறுத்தார். "பழக்கமென்ன சார், ரெண்டு சீசனா ஒரே ரூம்ல இருக்கோம்."

ஏட்டு எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டினார்: "இரண்டு வருடங்களாக மேற்படி நபருடன் ஒரே அறையில் இருந்து வருகிறேன்." கேட்ட வேட்பாளர் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் சொன்னது அதுதானே.

"சார், அது வேலை பார்க்கிற ரூம்" என்றேன்.

"தெரியும் பாய்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அவருடைய குரலில் கோபமில்லை. "எங்க மதினியும் வெடி ஆபீஸ்தான். அந்தம்மா சொன்னத எழுதியிருக்கு. கூட்டல, கொறைக்கல."

வேட்பாளர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "எம்மேல கேஸா சார்?"

"இல்லம்மா. ஒம்மேல போடவே முடியாது. சட்டம் அப்படி."

"அப்ப என்னய எதுக்குக் கூப்பிட்டீக?"

சப்-இன்ஸ்பெக்டர் ஏட்டு எழுதிய தாளை வாங்கி மடித்தார். வேட்பாளர் பெஞ்சில் இருந்த கணவரைக் கையால் காட்டினார். "இவரு திருப்பூர்ல ஒருத்திகூடக் குடும்பமே நடத்துறாரு. அட்ரஸ் வேணும்னாத் தாரேன். நான் மனு எழுதிக் குடுத்தா வாங்குவீகளா?"

"நீ குடுக்க முடியாதும்மா. அந்தப் பொம்பளையோட புருசன் குடுக்கணும்."

"அவ புருசன் செத்துட்டான்."

"அப்பக் குத்தமே கெடையாது."

நான் இதை வார்த்தைக்கு வார்த்தை குறித்துவைத்தேன். சப்-இன்ஸ்பெக்டர் சொன்னதில் சட்டப்படி ஒரு பிழையும் இல்லை. அதுதான் எரிச்சலூட்டியது. தப்பாகச் சொல்லியிருந்தால் திருத்தலாம்.

அந்த வாக்குமூலம் மாலைக்குள் வெளியே போய்விட்டது. மறுநாள் சாயங்காலம் ஊர்த் திடலில் கூட்டம். அந்தச் சமயத்தில் எல்லாக் கட்சி மேடையிலும் கற்பு பேசப்பட்டது. சாலை, தண்ணீர் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திடீரென்று பண்பாட்டுக்கு வந்துவிடுவார்கள். மேடையில் நாற்காலி வரிசையில் செயலாளரின் மனைவி, அவருக்கு அடுத்து சாத்தூர் அண்ணி. இருவருக்கும் மாலை போட்டிருந்தார்கள். செயலாளர் மைக்கைப் பிடித்தார்.

"தாய்மார்களே, நான் யாரப் பத்தியும் தப்பாப் பேசுறவன் இல்ல. ஆனா ஊர்த் தலைவின்னா நாளைக்கு நம்ம புள்ளைக அவுகளப் பாத்து வளரணும். அந்தம்மா போலீஸ்ல தன் வாயாலே சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கு. ரெண்டு வருசமா ஒரு அடுத்த வீட்டு ஆம்பளகூட, ஒரே ரூம்ல!"

அவருக்குச் சொந்தமாக வெடி ஆபீஸ் இருந்தது. எத்தனை ரூம், ஒவ்வொன்றிலும் யார் யார் என்பது அவருக்கு மனப்பாடம்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏண்ணே, ஒங்க ஆபீஸ்ல நான் மூணு ஆம்பளைககூட ஒரே ரூம்ல இருக்கேன். எம்பேரையும் எழுதிக்கோங்க!"

சிரிப்பு பரவியது. இன்னொரு பெண், "அதுக்குத் தனி போனஸ் உண்டாண்ணே?" என்றார். சாத்தூர் அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார், சிரித்தாரா என்று தெரியவில்லை. செயலாளரும் சிரித்தார். மைக்கிலேயே, "ஏத்தா, ஒன் ரூம் வேற, அந்த ரூம் வேற" என்றார். கூட்டம் அதற்கும் சிரித்தது.

அன்று சிரித்ததைப் பார்த்து, இது எடுபடவில்லை என்று நினைத்தேன். திடலில் இருந்தவர்களுக்கு ரூம் என்றால் என்ன என்று தெரியும். ஆனால் செய்தி திடலோடு நிற்பதில்லை. மறுநாள் ஒரு மாலைப் பத்திரிகை, "இரண்டு ஆண்டுகளாக ஒரே அறையில்: பெண் வேட்பாளர் பகீர் வாக்குமூலம்" என்று போட்டது. சிவகாசி, விருதுநகர், திருப்பூர், பனியன் கம்பெனி வாசல் வரை அந்தத் தலைப்பு போனது. அங்கெல்லாம் ரூம் என்றால் லாட்ஜ்தான்.

நான் அன்றே ஒரு செய்தி அனுப்பினேன். ரூம் என்பது வேலைக்கூடம், நாலு பேர் இருப்பார்கள், கதவு சாத்தக்கூடாது என்று முதல் பத்தி. குற்றம் சாட்டிப் பேசிய மேடையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று இரண்டாவது பத்தி. பெயர், சேலை நிறம், லாரி எதுவும் எழுதவில்லை. செயலாளரின் குடும்பத்தாரோடு சாத்தூரைச் சேர்ந்த ஒரு பெண்ணும் மேடையில் இருந்தார் என்று ஒரே வரி. மதுரையிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் என்னைவிட மூத்தவர், நல்ல எடிட்டர், பல பிழைகளிலிருந்து என்னைக் காப்பாற்றியவர்.

"ரெண்டாவது பாராவ எடுத்துட்டேன் பாய். அது அவரோட பெர்சனல் மேட்டர்."

"அப்ப அந்தம்மாவோடது?"

"அது போலீஸ் மேட்டர்."

முதல் பத்தி உள்பக்கத்தில், ஆடு திருட்டுச் செய்திக்குக் கீழே, நாலு வரியாக வந்தது. வெடி ஆபீசில் ரூம் என்பது என்ன என்று அதைப் படித்துத் தெரிந்துகொண்டவர் யாராவது இருந்தால் எனக்குத் தெரியாது. சிவகாசியில் இருந்த என் மச்சான் படித்திருந்தார். "நமக்குத் தெரிஞ்சதையே எதுக்கு மாமா எழுதுறீக?" என்று கேட்டார்.

மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள். மூன்று மணி வரை நேரம். நான் ஒரு மணிக்கே ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்விட்டேன். வெள்ளை வேன் நின்றது. வேட்பாளரின் கணவர் வேனுக்குள் உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. நீதிமன்றத்தில் கொடுக்க வக்கீல் தயாரித்த புகார் அதற்குள் இருப்பதாகச் சொன்னார்கள். வேட்பாளர் வாபஸ் வாங்கினால் அது அப்படியே உறைக்குள் இருக்கும். வாங்காவிட்டால் மறுநாள் சாத்தூர் கோர்ட்டு. செயலாளரின் ஆட்களே இதை ஒளிவில்லாமல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், என்னிடமும்.

வேட்பாளர் ஜெராக்ஸ் கடை நிழலில் நின்றார். இந்த முறை தனியாக வந்திருந்தார்.

"வக்கீல் சொல்றாரு, அந்தக் கேஸ் நிக்காது" என்றேன். "ரூம்னா என்னன்னு கோர்ட்டுல சொன்னாப் போதும். கூட இருந்த மத்த ரெண்டு பேரும் சாட்சி சொல்லலாம்."

"எத்தன நாளைக்கு பாய்?"

"ஒரு வருசம் ரெண்டு வருசம் ஆகலாம்."

"அதுக்கு எனக்குக் கையெழுத்துப் போட்டவரு வாய்தாவுக்கு வாய்தா போகணும். நான் போக வேண்டாம்ல?"

"உங்க மேல கேஸ் இல்ல. சாட்சியாக் கூப்பிட்டாத்தான்."

"அதான்" என்றார். "எனக்குன்னா நின்னுருவேன். நாலு பேரு நாலு விதமாப் பேசட்டும், நானும் திருப்பிப் பேசுவேன். எம்பேர வச்சு அடுத்த வீட்டு ஆளக் கூண்டுல ஏத்துறாக. நான் அங்கன வாயத் தொறக்கக்கூட எடமில்ல."

பஸ் வரும் திசையைப் பார்த்தார். "அவரு பொண்டாட்டி நேத்து எங்க வீட்டுக்கு வந்துச்சு. சண்டைக்குத்தான் வருதுன்னு நெனச்சேன். மாவாட்டிட்டு மிச்சம் இருந்துச்சாம், குடுத்துட்டுப் போச்சு. ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா நானும் ரெண்டு கேட்டு, வீம்புக்காவது நின்னுருப்பேன்."

"அவரு என்ன சொல்றாரு?"

"நில்லுங்கிறாரு. பாத்துக்கிரலாம்கிறாரு. பீடியத் தலகீழா வாயில வச்சிருக்காரு, பாத்துக்கிரலாமாம்."

வாபஸ் வாங்கினால் ஊர்ப் பெண்கள் கோபித்துக்கொள்வார்களே என்று கேட்டேன். ஏற்கெனவே கோபித்துக்கொண்டார்கள் என்றார். திடலில் குரல் கொடுத்த பெண் காலையில் வழிமறித்து, எங்கள் எல்லோரையும் மேடைக்கு முன்னால் சிரிக்க வைத்துவிட்டு இப்போது ஓடுகிறாயா என்று கேட்டிருக்கிறார். 

இரண்டே முக்காலுக்கு உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். தேர்தல் அலுவலர் கண்ணாடியை இறக்கிவிட்டு, "யாராவது வற்புறுத்துனாங்களாம்மா?" என்று கேட்டார். கேட்க வேண்டும் என்பது விதி.

"இல்ல சார்."

"சொந்த விருப்பத்துலதான?"

அவர் பதில் சொல்வதற்குள் சன்னலுக்கு வெளியே வேனின் கதவை யாரோ சாத்தினார்கள். வேட்பாளர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "ஆமா சார்" என்றார். கையெழுத்துப் போட்டார். தேர்தல் அலுவலர் என்னைப் பார்த்தார், பிறகு மை ஒற்றும் தாளைத் தேடத் தொடங்கினார்.

வாசலில் உட்கார்ந்திருந்த செயலாளரின் மனைவி வேட்பாளரைப் பார்த்து எழுந்தார். ஏதோ சொல்ல வந்தது போல் இருந்தது. செயலாளர், "நீ வண்டில ஏறு" என்றார். அவர் ஏறிக்கொண்டார். வேட்பாளர் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

வேட்பாளரின் கணவர் அன்று சாயங்காலமே திருப்பூருக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். சாத்தூர் நீதிமன்றத்தில் அந்தப் புகார் தாக்கல் செய்யப்படவில்லை என்று வக்கீல் சொன்னார்.

தலைவர் பதவிக்கு அந்த ஊரில் அந்த ஆண்டு வாக்குப்பதிவு நடக்கவில்லை.